கொத்தினால் பூச்சோடு செங்கலும் வருகிறதா? வட சென்னைப் பழைய வீட்டுச் சுவர்களுக்கு ஒரு பிழை நீக்கும் வழிமுறை

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் தாத்தா காலத்து வீட்டின் பூச்சைக் கொத்தி எடுத்து முடிக்க 3 வருஷம் ஆனது. கொத்துகிற வேலை மொத்தமே 40 நாள்தான். மீதியெல்லாம் தப்பாகக் கொத்தியதைச் சரிசெய்யப் போன காலம். அந்தத் தப்புகளை அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் சுவரில் எது தெரிகிறதோ நேராக அங்கே போய்விடலாம். அடுத்து வரும் பகுதியை மட்டும் எல்லாரும் படித்துவிடுங்கள்.

உளி எடுப்பதற்கு முன்

பழைய ஸ்டக்கோ (வெளிச்சுவர்ப் பூச்சுக்கு அமெரிக்காவில் சொல்லும் பெயர்) எடுப்பது எப்படி என்று யூடியூபில் தேடினால், அங்கே அரிசோனா பக்கத்துப் பாலைவன ஊர் வீடுகள் வரிசையாக வரும். ரம்பத்தால் கோடு போட்டு, கடப்பாரையால் நெம்பி, பெரிய பெரிய தகடாக உரித்துப் போடுவார்கள். பார்க்க ஆசையாக இருக்கும். அவை பெரும்பாலும் மரச்சட்ட வீடுகள். சட்டத்தின் மேல் தார்க் காகிதம், அதன் மேல் கம்பி வலை, வலையின் மேல் மூன்று தடவையாக முக்கால் அங்குலத்துக்குச் சற்றே கூடுதலாகக் கலவை. வலையைப் பிடித்து இழுத்தால் பூச்சு கூடவே வந்துவிடும். நம் வீட்டில் பூச்சு நேராகச் செங்கல்லைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதே மாதிரி நெம்பினால் சுவரில் பள்ளம்தான் மிஞ்சும். அங்கே பூச்சுக்கு எதிரி வெயிலும் வறண்ட காற்றும். ராயபுரத்திலும் காசிமேட்டிலும் எதிரி உப்புக்காற்றும் சுவரில் ஏறும் ஓதமும். அந்த வீடியோக்களிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது முகக்கவசம் ஒன்றுதான்.

முகக்கவசம் என்றால் கைக்குட்டை அல்ல. கலவைத் தூளில் இருக்கும் சிலிக்கா நுரையீரலில் தங்கிவிடும், திரும்பி வராது. என்-95 கவசம், கண்ணாடி இரண்டும் கொத்துகிற எல்லாருக்கும் வேண்டும், சித்தாளுக்கும் சேர்த்து. சுண்ணாம்பு கண்ணில் விழுந்தால் தேய்க்காமல் நல்ல தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்து, அப்படியே கண் மருத்துவரிடம் போக வேண்டும்.

மெயினை அணைத்துவிடுங்கள். பழைய வீட்டில் ஒயர் எங்கே புதைந்திருக்கிறது என்று ஒயரிங் செய்தவருக்கே நினைவிருக்காது.

வெளிச்சுவர் என்றால் தை பாதியில் ஆரம்பித்து, கத்திரி வெயிலுக்கு முன் முடித்துவிடப் பாருங்கள். நாங்கள் செய்த முதல் தப்பே இதில்தான். ஆயுதபூஜை முடிந்த கையோடு ஆரம்பித்தோம். பூச்சில்லாத செங்கல் சுவர் வடகிழக்குப் பருவமழையில் 2 வாரம் நனைந்தது. உள்ளே பீரோவுக்குப் பின்னால் காளான் முளைத்தது.

கடைசியாக, தட்டிப் பார்ப்பது. உளியின் பின்பக்கத்தால் ஒவ்வொரு சாணுக்கும் தட்டுங்கள். ‘டங்’ என்றால் பிடித்திருக்கிறது. ‘டொப்’ என்றால் உள்ளே காற்று. பொள்ளலான இடத்தைச் சாக்பீஸால் வட்டம் போட்டு, தள்ளி நின்று பாருங்கள். சுவரில் பாதிக்கும் குறைவாக வட்டம் இருந்தால் முழுப் பூச்சையும் எடுக்க வேண்டிய அவசியமே இல்லை. வட்டத்தைச் சுற்றி ஓரம் நேராக வெட்டி, அதை மட்டும் எடுத்துப் பூசினால் போதும். கான்ட்ராக்ட் எடுப்பவர் ‘முழுசா எடுத்துடலாம் சார், அதான் நல்லது’ என்பார். சதுரத்துக்கு இவ்வளவு என்று பேசியவருக்கு அது நல்லதுதான்.

அறிகுறி: உளி வைத்தால் பூச்சு வரவில்லை, செங்கல்லின் முகம் பெயர்ந்து வருகிறது

இதுதான் பெரிய தலைவலி, அதனால் இதற்கே அதிக இடம்.

இது என்ன பூச்சு என்று முதலில் தெரிய வேண்டும். ஓரத்தில் கையகலம் கொத்திப் பாருங்கள். வெளுப்பாக அல்லது லேசான பழுப்பாக, ஆணியால் கீறினால் பொடியாக உதிர்ந்து, நடுநடுவே அரிசி அளவு வெள்ளைக் கட்டிகள் இருந்தால் சுண்ணாம்புக் காரை. சாம்பல் நிறம், ஆணி வழுக்குகிறது என்றால் சிமெண்ட். ஜார்ஜ் டவுன், ராயபுரம், வண்ணாரப்பேட்டைப் பழைய வீடுகளில் இரண்டும் இருக்கும். கீழே தாத்தா போட்ட காரை, மேலே அப்பா போட்ட சிமெண்ட்.

அப்பா காலத்தில் எல்லாரும் செய்ததுதான். காரை உதிர்ந்தது, சிமெண்ட் போட்டால் உறுதியாகிவிடும் என்று நினைத்தார்கள். ஆனால் நாட்டுச் செங்கல்லும் சுண்ணாம்புக் கலவையும் சேர்ந்த சுவர், மழையில் தண்ணீரைக் குடித்து வெயிலில் வெளியே விடுகிற சுவர். அதன் மேல் சிமெண்ட் போட்டதும் வெளியே வரும் வழி அடைபட்டது. தண்ணீர் சிமெண்டுக்குப் பின்னால் தேங்கி, செங்கல்லின் முகத்தை ஊறவைத்தே மாவாக்கிவிட்டது. இன்றைக்குப் பூச்சு செங்கல்லைவிடக் கெட்டி. அடித்தால் இரண்டில் எது பலவீனமோ அதுதான் உடையும்.

முதலில் பிரேக்கர் மெஷினை நிறுத்துங்கள். எங்கள் மேஸ்திரி ஒருநாள் வரவில்லை. வாடகைக்கு மெஷின் கொண்டுவந்த பையன் ஒரே மதியத்தில் 6 செங்கல்லைப் பாதியாக்கிவிட்டான். மறுநாள் மேஸ்திரி வந்து பார்த்துவிட்டு, “ஏன் தம்பி, சுவத்தை எடுக்கணும்னு முன்னாடியே சொல்லியிருந்தா நான் ஜேசிபி கூட்டியாந்திருப்பேனே” என்றார்.

அவர் காட்டிய வழி இது. பூச்சின் கனத்தை ஒரு ஓட்டை போட்டு அளந்துகொள்ள வேண்டும். கிரைண்டரில் டைமண்ட் பிளேடு மாட்டி, அந்தக் கனத்தில் முக்கால் பங்கு ஆழத்துக்கு மட்டும் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட வேண்டும். ஒரு கட்டம் 1 அடிக்கு மேல் வேண்டாம். இப்போது பூச்சு தனித்தனித் துண்டாகிவிட்டது. ஒரு துண்டை அடிக்கும் அதிர்ச்சி அடுத்ததற்குப் போகாது. பொள்ளலான கட்டத்தில் ஆரம்பித்து, அதன் ஓரத்திலிருந்து பக்கத்துக் கட்டத்துக்குப் போங்கள். பட்டை உளியைச் சுவருக்கு நேராகக் குத்தாமல், படுக்கவைத்தாற்போலச் சாய்த்து, சின்னச் சுத்தியலால் தட்டுங்கள். சிமெண்டுக்கும் காரைக்கும் நடுவே உளி நுழைந்துவிட்டால் பலகை மாதிரி கழன்று வரும். காரை சுவரோடு நிற்கட்டும். அது நன்றாக இருந்தால் அதை எடுக்கவே வேண்டாம்.

இத்தனை செய்தும் ஒரு கட்டம் வர மறுத்தால் அதை விட்டுவிடுங்கள். செங்கல்லைப் பெயர்த்துத்தான் வரும் என்கிற பூச்சு, இன்னும் 20 வருஷம் அங்கேயே இருந்துவிட்டுப் போகிறது. ஓரத்தைக் கொத்தி, அதன் மட்டத்துக்குப் புதுப்பூச்சை இணைத்துவிடலாம்.

முகம் போன செங்கல் அரை அங்குலம்வரை இழந்திருந்தால் பூச்சிலேயே நிரவலாம், ஒரே தடவையில் அப்பாமல் இரண்டு மூன்று தடவையாக. அதற்கு மேல் என்றால் அந்தக் கல்லை மாற்றுவதுதான் நல்லது. சேம்பர் செங்கல் கெட்டியாகவும் அளவில் தடிப்பாகவும் இருக்கும், பழைய வரிசையில் பொருந்தாது. இடிக்கிற வீட்டிலிருந்து பழைய நாட்டுச் செங்கல் கிடைத்தால் வாங்கி வையுங்கள்.

அறிகுறி: பூச்சு எளிதாக வருகிறது, ஆனால் இணைப்பிலிருந்து மண் கொட்டிக்கொண்டே இருக்கிறது

எளிதாக வருகிறதே என்று சந்தோஷப்படாமல் வேலையை நிறுத்துங்கள். செங்கல்லுக்கு நடுவில் இருப்பது மண் கலவையாக இருக்கலாம், அல்லது சத்து போன சுண்ணாம்பாக இருக்கலாம். அந்தச் சுவரைப் பூச்சும் கொஞ்சம் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது. முழுச் சுவரையும் ஒரே நாளில் உரித்தால் சுவர் வயிறு தள்ளும்.

தூக்குக்குண்டு விட்டுப் பாருங்கள். சுவர் ஏற்கெனவே வெளியே தள்ளியிருந்தால், மேலே மெட்ராஸ் டெரஸ் கூரையின் (மர உத்திரங்கள் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட பழைய கூரை) தேக்கு உத்திரம் அதன் மேல் உட்கார்ந்திருந்தால், இது பூச்சு வேலை இல்லை. ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் வந்து பார்க்க வேண்டிய வேலை. தள்ளவில்லை என்றால் 3 அடி அகலப் பட்டையாக, ஒன்று விட்டு ஒன்று எடுங்கள். இணைப்பை முக்கால் அங்குல ஆழம்வரை சுரண்டி, தூசியை ஊதி, நனைத்து, சுண்ணாம்புக் கலவை திணித்து, அது இறுகிய பிறகே அடுத்த பட்டை.

அறிகுறி: பூச்சு எடுத்து ஒரு வாரத்தில் செங்கல் மேல் வெள்ளையாகப் பூக்கிறது

உப்பு. ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துப் பாருங்கள், கரைந்து காணாமல் போனால் உப்பேதான். பூஞ்சை என்றால் கரையாது. உப்பு நிலத்திலிருந்தும் வரலாம், கடல்காற்றிலிருந்தும் வரலாம், கட்டும்போது சரியாகக் கழுவாத கடல்மணலைக் கலந்திருந்தாலும் வரலாம். சூளையில் வெந்த செங்கல்லிலேயே கொஞ்சம் இருக்கும்.

பார்த்ததும் ஹோஸ் பைப்பை எடுத்துக் கழுவத் தோன்றும். நானும் கழுவினேன். உப்பு கரைந்து செங்கல்லுக்குள்ளே போய், காய்ந்ததும் முன்னைவிட அதிகமாகப் பூத்தது. உலர்ந்த நிலையிலேயே துடைப்பத்தாலோ மெல்லிய பிரஷாலோ தட்டி, கீழே சாக்கு விரித்து அள்ளி வெளியே போடுங்கள். வாரம் ஒருமுறை. ஒவ்வொரு தடவையும் அளவு குறைய வேண்டும். குறையவில்லை என்றால் தண்ணீர் இன்னும் வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். அடுத்த அறிகுறியைப் படியுங்கள்.

பூசுவதற்கு அவசரப்படாதீர்கள். ஒரு அங்குலக் கனம் காய ஒரு மாதம் என்று ஒரு தோராயக் கணக்கு உண்டு. 9 அங்குலச் சுவர் இரண்டு பக்கமும் திறந்திருந்தாலும் 4, 5 மாதம். வாடகைக்கு விட்ட வீட்டில் இது நடக்காது என்று தெரியும். அப்படியானால் ஒரு தியாகப் பூச்சு போடுங்கள். 1 பங்கு சுண்ணாம்பு, 3 பங்கு மணல். உப்பு அந்தப் பூச்சுக்குள் ஏறும், சில வருஷத்தில் அது உதிரும், செங்கல் தப்பிக்கும். அதன் மேல் பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்துவிடாமல் வெறும் வெள்ளையடித்து விடுங்கள்.

அறிகுறி: தரையிலிருந்து 3 அடிவரை மட்டும் எப்போதும் ஈரம்

ஒரு அடிச் சதுர பாலிதீன் ஷீட்டை நாலு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி 2 நாள் விடுங்கள். ஷீட்டுக்கு உள்பக்கம் வியர்த்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. வெளிப்பக்கம் வியர்த்தால் காற்றிலிருந்து.

சுவரிலிருந்து என்றால், வெளியே போய்த் தெருவைப் பாருங்கள். வட சென்னையில் பாதிப் பேருக்குப் பதில் அங்கேதான் இருக்கும். தார் மேல் தார் போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்துவிட்டது. 2021-ல் தலைமைச் செயலாளர், பழைய தாரைச் சுரண்டிவிட்டுத்தான் புதிது போட வேண்டும் என்று உத்தரவிட்டார். ஆனால் அதற்கு முன்பே எங்கள் வீட்டுத் திண்ணைக்கு ஏற இருந்த 3 படியில் 2 படி புதைந்திருந்தது. இப்போது தெரு மண் சுவரைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. ஓதத்தைத் தடுக்க அஸ்திவாரத்தின் மேல் ஏதாவது போட்டிருந்தாலும் அது இப்போது மண்ணுக்குக் கீழே.

இந்தச் சுவரில் பூச்சை மட்டும் மாற்றினால் அடுத்த மழைக்கே பழைய கதை. வீட்டைச் சுற்றி முடிந்த இடத்தில் மண்ணை வெட்டி இறக்கி, ஒரு சிறு வாய்க்கால் விட்டு, மேல்மாடித் தண்ணீர் குழாயைச் சுவரிலிருந்து தள்ளிவிடுங்கள். தெருப்பக்கம் அது முடியாதுதான். அங்கே புதுப்பூச்சைத் தரையைத் தொடாமல் 2 அங்குலம் மேலேயே நிறுத்துங்கள். உள்பக்கம் டைல்ஸ் ஒட்டி மறைத்துவிடலாம் என்று ஒரு யோசனை நிச்சயம் வரும். ஒட்டினால் ஈரம் டைல்ஸுக்கு மேலே, 5 அடியில் எட்டிப் பார்க்கும். எங்கள் மாமா வீட்டில் பார்த்தது.

அறிகுறி: எவ்வளவு எடுத்தும் எண்ணெய்க் கறை மறையவில்லை

இது எர்ணாவூர், எண்ணூர் பக்கத்து வீடுகளுக்கு மட்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து வந்து, சுவரில் கறுப்புக் கோடு போட்டுவிட்டுப் போனதே, அந்தக் கறை. அதன் மேல் எந்தப் பெயின்டும் நிற்காது, எந்தப் பூச்சும் பிடிக்காது. கோட்டுக்கு ஒரு அடி மேல்வரை பூச்சை எடுத்துவிடுங்கள். பிறகு செங்கல் மேல் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். உறிஞ்சினால் சரி. முத்துமுத்தாக நின்றால் எண்ணெய் கல்லுக்குள்ளே போயிருக்கிறது. சோப்புத்தூள் கரைத்த வெந்நீரால் தேய்த்து, கழுவி, காயவிட்டு மறுபடி தெளித்துப் பாருங்கள். 3 தடவைக்குப் பிறகும் முத்து நின்றால் கல்லின் முகத்தைக் கொத்தி எடுக்க வேண்டியதுதான். எண்ணெய் ஊறிய ரப்பீஸை, அதாவது கொத்திக் கொட்டிய இடிபாட்டை, மற்றதோடு கலக்காமல் தனி மூட்டையாகக் கட்டுங்கள்.

அறிகுறி: சன்ஷேடு அடியில் பூச்சோடு கான்கிரீட்டும் விழுகிறது, கம்பி தெரிகிறது

நிறுத்துங்கள். கடல் உப்பு கம்பியைத் துருப்பிடிக்க வைத்திருக்கிறது. துரு இரும்பைவிட அதிக இடம் கேட்கும், அதனால் கான்கிரீட்டைப் பிளந்து வெளியே தள்ளுகிறது. அதன் மேல் பூச்சு வைத்து மூடினால் அடுத்த தடவை விழுவது பெரியதாக இருக்கும். அடியில் யாரும் நிற்காமல் கயிறு கட்டிவிட்டு இன்ஜினியரைக் கூப்பிடுங்கள்.

அறிகுறி: உள்ளே பளிங்கு மாதிரி வழவழப்பான பழைய பூச்சு, புதுக் கலவை வழுக்குகிறது

முதலில் ஒரு நிமிஷம் கையை வைத்துத் தடவிப் பாருங்கள். பழவேற்காட்டுப் பக்கம் எடுத்த கிளிஞ்சலைச் சுட்டு, நீற்றி, அரைத்து, கல்லால் தேய்த்து மெருகேற்றிய மதராஸ் சுண்ணாம்புப் பூச்சாக இருக்கலாம். இந்த ஊர்க் கலவையின் செய்முறை 1732-லேயே லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் அச்சாகியிருக்கிறது: வெல்லம், கடுக்காய், முட்டை, தயிர், நெய். படித்தால் சமையல் குறிப்பு மாதிரி இருக்கும். ‘டங்’ என்று ஒலித்தால் தயவுசெய்து அதைக் கொத்தாதீர்கள். மேலே ஏறிய பெயின்டை மட்டும் மெல்லச் சுரண்டுங்கள். எங்கள் முன்கூடத்தில் இப்படி 40 சதுர அடி கிடைத்தது. மீதியை நான் இந்த விஷயம் தெரிவதற்கு முன்பே மூட்டை கட்டி அனுப்பியிருந்தேன்.

அறிகுறி: புதுப்பூச்சு ஒரே வாரத்தில் சிலந்திவலை மாதிரி வெடிக்கிறது, அல்லது பொள்ளலாகிறது

நாலு காரணம், பெரும்பாலும் நாலும் சேர்ந்தே. செங்கல்லை முந்தின நாள் நனைக்கவில்லை, அதனால் கலவைத் தண்ணீரைச் செங்கல் குடித்துவிட்டது. தூசியைத் தட்டாமல் பூசினார்கள். மதியம் 12 மணி வெயிலில் பூசினார்கள். வழவழப்புக்காக மேலே சிமெண்ட் தூளைத் தூவித் தேய்த்தார்கள். சித்திரை வெயிலில் நம் சுவரும் அந்தப் பாலைவனச் சுவர் மாதிரிதான் நடந்துகொள்ளும். காலையில் நிழல் இருக்கிற பக்கம் பூசி, மறுநாளிலிருந்து ஈரச் சாக்குத் தொங்கவிட்டு 7 நாள் தண்ணீர் காட்டுங்கள்.

கலவையும் முக்கியம். பழைய நாட்டுச் செங்கல் சுவருக்கு 1 சிமெண்ட், 4 மணல் என்பது ரொம்பக் கெட்டி. வெறும் சுண்ணாம்புக்கு ஆள் கிடைக்கவில்லை என்றால் 1 சிமெண்ட், 2 சுண்ணாம்பு, 9 மணல். கொத்தனார் சிரிப்பார். “இது நிக்காது தம்பி” என்பார். எங்கள் மேஸ்திரியும் அப்படித்தான் சொன்னார். சரி அண்ணே, கிணற்றடிச் சுவரில் மட்டும் போட்டுப் பார்ப்போம் என்று கெஞ்சிப் போட்டோம். 2 மழை தாண்டிவிட்டது. இப்போது அவரே மற்ற வீடுகளில் சுண்ணாம்பு வாங்கச் சொல்கிறார், தன்னுடைய யோசனை மாதிரி.

வெடிப்பு கான்கிரீட் தூணும் செங்கல் சுவரும் சேருகிற இடத்தில் நேர்கோடாக வந்தால் விஷயம் வேறு. இரண்டும் வெயிலில் வேறு வேறு அளவில் விரிகின்றன. அங்கே மட்டும் கோழிவலையை இரண்டு பக்கமும் அரை அடி வருமாறு அடித்துப் பூசுங்கள்.

அறிகுறி: பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுகிறார்

பொதுச் சுவர் என்றால் உங்கள் உளி அவர்கள் பரணில் ஒலிக்கும். எங்கள் பக்கத்து வீட்டு அக்கா, “என்ன தம்பி, வூட்டை இடிக்கிறியா? எங்க வூட்டு எவர்சில்வர் டப்பாலாம் நடந்து வருது” என்றார். அன்றே போய் அலமாரியில் இருந்ததை இறக்கிவைக்க உதவிவிட்டு வந்தேன். ஆரம்பிக்கும் முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

ரப்பீஸுக்கும் முன்பே இடம் பார்த்துவிடுங்கள். 10 அடிக்கு 10 அடிச் சுவரில் முக்கால் அங்குலப் பூச்சு என்றால் சுமார் 350 கிலோ. காலி சிமெண்ட் சாக்கில் ஒரு ஆள் தூக்குகிற அளவு கட்டினால் 12, 13 மூட்டை வரும். இதை மெட்ராஸ் டெரஸ் மாடியில் குவித்துவைக்கக் கூடாது, அந்த உத்திரங்களுக்கு ஏற்கெனவே வயசாகிவிட்டது. அன்றன்றே கீழே இறக்குங்கள். கால்வாய் ஓரத்திலும் ஏரியிலும் கொட்டுகிற லாரிக்காரர் மலிவாகக் கேட்பார். அந்தத் தண்ணீர்தான் டிசம்பரில் உங்கள் சுவருக்கு 3 அடியில் வந்து நிற்கும். மாநகராட்சியின் 1913-க்கு அழைத்துக் கட்டட இடிபாடு இருக்கிறது என்று சொல்லி, எங்கே, எப்படி ஒப்படைப்பது என்று கேட்டுக்கொள்ளுங்கள். நல்ல அரைச் செங்கல்லை மட்டும் தனியே எடுத்து வையுங்கள், தெரு வாசலில் போட்டால் மாலைக்குள் யாராவது கேட்டு வாங்கிப் போய்விடுவார்கள்.